பெண் பிறப்புறுப்பு மெலனோமா: எதைச் சேலத்தில் முடிக்கலாம், எதற்கு வெளியூர் போகவேண்டும்?

ரிப்போர்ட்டில் 'மெலனோமா' என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க, இங்கேயே முடிச்சுக்கலாம்" என்பது ஒன்று. "நாளைக்கே சென்னைக்குக் கெளம்புங்க, இங்க ஒண்ணும் ஆகாது" என்பது இன்னொன்று. சேலத்தில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருப்பதால் இரண்டு பக்க வாதத்தையும் கவுன்டரில் நின்றபடி கேட்டிருக்கிறேன். இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. சோதனைக்குச் சதை எடுப்பது (பயாப்ஸி) சேலத்தில், அதை இன்னொரு முறை மைக்ராஸ்கோப்பில் படிப்பதும் அறுவையும் இந்த நோயைப் பார்த்துப் பழகிய பெரிய மையத்தில், கரண்ட் வைப்பதும் (கதிர்வீச்சு) மருந்து ஏற்றுவதும் மறுபடி சேலத்தில் என்று பிரித்துக்கொள்வதுதான் என் கட்சி. நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் கூடுதலாக நாலு கேள்வி கேட்டால் போதும்.

நிறமி செல்களில் கிளம்பும் புற்றுதான் மெலனோமா. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் படும் இடங்களில் நிறைய வரும். நமக்கு மொத்தத்தில் குறைவு. ஆனால் வரும்போது உள்ளங்கால், நகத்தடி, வாய், மூக்கின் உள்பக்கம், மலவாய், பிறப்புறுப்பு என்று வெயிலே தீண்டாத இடங்களுக்குப் பங்கு அதிகம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சுத்தம், தாம்பத்தியம் எதையும் இதில் இழுக்கவேண்டாம். பெண்ணுறுப்பில் வெளியிதழ்ப் பகுதியில் வருவது கூடுதல். யோனிக்குள் வந்தால் பெரும்பாலும் முன்சுவரில், கீழ்ப்பகுதியில். கருப்பை வாயில் அபூர்வம். சினைப்பையில் டெர்மாய்டு கட்டிக்குள் இருந்து கிளம்புவது அதைவிட அபூர்வம். மேல்நாட்டுக் கணக்குப்படி பத்து லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு வெளிப்பகுதியில் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதல், யோனியில் அரைப்பேர். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.8 லட்சம், பெண்கள் சுமார் 17 லட்சம். அதே விகிதம் இங்கும் ஓடினால் மாவட்டம் முழுக்க ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். நல்ல கைராசியான மகப்பேறு டாக்டர்கூடத் தன் வாழ்நாளில் ஒன்றைப் பார்த்திருந்தால் உண்டு. இது யாரையும் குறை சொல்வதில்லை. முடிவெடுக்கும்போது மறக்கக்கூடாத கணக்கு, அவ்வளவுதான்.

கண்ணால் பார்ப்பதா, வெட்டிப் பார்ப்பதா?

ஏற்காடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிக்கொட்டை பறிக்கும் ஓர் அம்மா. வயது அறுபதை நெருங்குகிறது. கிராம செவிலியர் சர்க்கரை, பிரஷர் பார்க்க வந்த இடத்தில் பேச்சு இப்படி ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"எத்தனை நாளா படுதும்மா?"

"தீவாளிக்கு முன்னாடி இருந்தே இருக்குது சிஸ்டர். தீட்டு நின்னு எட்டு வருசம் ஆச்சு, திரும்பவும் வருதாக்கும்னு விட்டுட்டேன். சொல்றதுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு."

தீட்டு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்டவேண்டும். காரணம் பத்து இருக்கலாம், அதில் ஒன்றுதான் இது. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடியில் ஏதோ தட்டுப்படுதல், தீராத அரிப்பு, ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் என்று எந்த வடிவிலும் வரும். கருப்பாக இருந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. நிறமே இல்லாமல் செந்நிறச் சதைத்திரட்டு மாதிரி இருக்கும் வகை கணிசமாக உண்டு. பாலிப் என்றோ சாதாரணப் புண் என்றோ களிம்பு எழுதிக்கொடுத்து மாதங்கள் ஓடிவிடுவது அதில்தான்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நம் பெண்களுக்கு அந்தப் பகுதி இயல்பிலேயே கருமையாக இருக்கும். திட்டுத் திட்டாகக் கருக்கும் மெலனோசிஸ் என்ற கெடுதல் இல்லாத நிலையும் சகஜம். கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ட மச்சத்துக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். (மச்சத்துக்கு அதிர்ஷ்டக் கணக்குப் போடும் ஊர் நாம், திடீரென்று எல்லா மச்சத்துக்கும் பயப்படவும் கூடாது.) ஐம்பதுக்கு மேல் புதிதாக முளைத்தது, பெரிதாகிக்கொண்டே போவது, ஓரம் கோணலாக இருப்பது, ஒரே திட்டில் இரண்டு மூன்று நிறம் காட்டுவது, புண்ணாவது, ரத்தம் கசிவது ஆகியவை காத்திருக்கக் கூடாதவை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகர் தடவிப் பார்க்கும் சோதனையும் பேப் ஸ்மியரும் கருப்பை வாய்க்கு நல்லவை. மெலனோமாவைப் பிடிக்க அவற்றை நம்ப முடியாது. இதில் சின்ன நுட்பம் ஒன்று உண்டு. உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியின் இரண்டு தகடுகளும் யோனியின் முன்சுவரையும் பின்சுவரையும் மறைத்துக்கொண்டு நிற்கும். மெலனோமா விரும்பி உட்காரும் இடமே முன்சுவர். கருவியை வெளியே எடுக்கும்போது மெதுவாகத் திருப்பிக்கொண்டே பார்த்தால்தான் அது கண்ணில் படும். "சுவத்தையும் பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் மூன்று வழி வைப்பார்கள்: எரித்துவிடுவது, ஓரத்தில் கிள்ளி எடுப்பது, முழுதாக வெட்டி எடுப்பது.

எரிப்பது, அதாவது காட்டரி அல்லது லேசர் வைப்பது, வேண்டவே வேண்டாம். சீக்கிரம் முடியும், செலவு குறைவு, தையல் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் மேசைக்கு வர ஒன்றுமே மிஞ்சாது. என்ன நோய் என்பதும் எத்தனை ஆழம் என்பதும் புகையோடு போய்விடும். கார மருந்து வைத்துக் கருக்குவதும் இதே கதைதான். மலையில் நாட்டு வைத்தியத்துக்கு இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். எதற்கு வேண்டுமானாலும் போங்கள், ரத்தம் கசியும் கரும்புள்ளிக்கு மட்டும் போகாதீர்கள்.

புள்ளி சின்னதாக, எட்டும் இடத்தில் இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுதாக எடுப்பதே சிறந்தது. பெரிதாகவோ சிறுநீர்த் துவாரத்துக்கு ஒட்டியோ இருந்தால் தடிமனான இடத்தில் பஞ்ச் கருவியால் முழு ஆழத்துக்கும் ஒரு துண்டு எடுத்தால் போதும். மேலாகச் சீவி எடுப்பதில்தான் சிக்கல். மெலனோமாவில் எல்லாக் கணக்கும் ஆழத்தை வைத்து ஓடும். பிரெஸ்லோ தடிமன் என்று ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரில் வரும் எண் அதுதான். சீவினால் அந்த எண் பொய்யாகும். துண்டு எடுத்தால் நோய் பரவிவிடும், கத்தி பட்டால் கிளம்பிவிடும் என்ற பயத்தை நான் கேட்காத வாரம் இல்லை. துண்டு எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது.

இந்த வேலையைச் சேலத்திலேயே செய்யலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முடியும், நல்ல தனியார் மருத்துவமனைகளிலும் முடியும். இதற்கென்று வெளியூரில் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது நாள் கடத்துவதுதான்.

பாட்டிலும் பிளாக்கும்

என் மேசைக்கு வந்த பாட்டில்களில் என்னை வயிறெரிய வைத்தது ஒரு சின்ன கிளினிக்கில் இருந்து வந்தது. சதைத்துண்டு ஃபார்மலினுக்குப் பதில் குளுக்கோஸ் பாட்டிலோடு வரும் உப்புத்தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதுவும் ஒரு ராத்திரி முழுக்க. செல்கள் ஊறி உப்பி, ஓரங்கள் கரைந்து, எது எந்தச் செல் என்று சொல்ல முடியாத நிலை. அந்த அம்மாவுக்கு மறுபடி ஒரு முறை வெட்டவேண்டி வந்தது. பத்து சதவீத ஃபார்மலின், துண்டைவிடப் பத்து மடங்கு அளவு, பாட்டில் மேல் பெயரும் எடுத்த இடமும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரிசெய்ய முடியாத தவறு இந்தக் கட்டத்தில்தான் நடக்கும்.

ஃபார்மலினில் ஊறிய துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூட்டில் வைப்போம். அதுதான் பிளாக். பக்கவாட்டில் பென்சிலால் எண் எழுதியிருக்கும். அதில் இருந்து மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவியதுதான் ஸ்லைடு. ரிப்போர்ட் வெறும் காகிதம். சொத்து என்றால் பிளாக்தான். வெளியூர் போகுமுன் பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் மெழுகு இளகிவிடும்.

அந்தப் பிளாக்கை இரண்டாவது ஆள் பார்ப்பது அவசியமா? இந்த நோயில் அவசியம்தான். நிறமில்லாத மெலனோமா மைக்ராஸ்கோப்பில் வேறு வகைப் புற்றுகளான மோசமான கார்சினோமா போலவும் இருக்கும், சர்கோமா போலவும் லிம்போமா போலவும் இருக்கும். எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, ஹெச்.எம்.பி-45 என்ற இம்யூனோ சாயங்களைப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். கருப்பை வாயிலோ சினைப்பையிலோ இருந்தால் அது அங்கேயே பிறந்ததா, கால் நகத்தடியில் இருந்து வந்து உட்கார்ந்ததா என்று உடம்பு முழுக்கத் தேடவேண்டும். கூடவே எந்த மாத்திரை பயன்படலாம் என்று பார்க்கும் கிட், பிராஃப், என்-ராஸ் மரபணுச் சோதனைக்கும் அதே பிளாக்கில் இருந்து சீவித்தான் அனுப்புவார்கள். சாயம் போட்டுப் போட்டே பிளாக்கைக் காலி செய்துவிடாதீர்கள் என்று லேபில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

எந்த ஊர்?

கோவை 165 கிலோமீட்டர், வேலூரும் பெங்களூரும் சுமார் 200, சென்னை 340. சேலத்துக்காரர்கள் கோவைக்கே சாய்வார்கள். காலையில் போய் ராத்திரி திரும்பலாம், சொந்தபந்தம் இருக்கும். பணவசதியோ ஆபீஸ் இன்சூரன்ஸோ இருந்தால் நல்ல தேர்வுதான். வேலூர் சி.எம்.சி.யில் புற்று அறுவை, நோய்க்குறியியல், கதிரியக்கம் எல்லாம் ஒரே குடையில் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காட்பாடியில் இறங்கிக்கொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காசில்லாதவர்களைக் கைவிடாத இடம் என்று பெயர் வாங்கியது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பெங்களூர் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை நல்ல இடம்தான், ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மாநில எல்லை தாண்டி எடுபடுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு; எந்த மருத்துவமனையில் எந்த அறுவைக்கு என்பதுதான் கேள்வி.

என்னைக் கேட்டால் ஊரைவிட இரண்டு கேள்விதான் முக்கியம். பெண்ணுறுப்புப் புற்று அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற சர்ஜன் இருக்கிறாரா? இந்தக் கேஸை டியூமர் போர்டில், அதாவது பல துறை டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டத்தில், வைப்பார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது எந்த ஊராக இருந்தாலும் போகலாம். நேரில் போகாமலேயே மும்பை டாடா மெமோரியல் நிபுணர்களின் கருத்தை ஆன்லைனில் வாங்க நவ்யா என்ற சேவை இருக்கிறது. ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் செய்து ஏற்றினால் எழுத்தில் பதில் வரும். புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் உண்டு. டாக்டர் சான்றிதழை அதற்கான படிவத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெட்டுவது?

'எல்லாத்தையும் எடுத்துடுங்க' கட்சி சறுக்கும் இடம் இதுதான். வெளியுறுப்பு முழுவதையும் எடுப்பது ஒரு காலத்தில் வழக்கம். யோனி மெலனோமாவுக்குச் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் சேர்த்தெடுத்து, வயிற்றில் இரண்டு பை மாட்டிவிடும் அளவுக்குப் போவதும் உண்டு. அப்படி அகலமாக எடுத்தவர்களும், கட்டியைச் சுற்றி நல்ல திசு ஓரத்தோடு மட்டும் எடுத்தவர்களும் உயிரோடு இருக்கும் காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைத்தான் ஆய்வுத் தொகுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இந்த நோய் பெரும்பாலும் ஆளைக் கொல்வது வெட்டிய இடத்தில் திரும்ப முளைத்து அல்ல. நுரையீரல், ஈரல், மூளை என்று தூரம் போய். இடுப்பைக் குடைந்து எடுப்பதால் ஏற்கெனவே கிளம்பிவிட்டதைப் பிடிக்க முடியாது.

ஆகவே இப்போதைய போக்கு, சுத்தமான ஓரத்தோடு அகல வெட்டி எடுப்பது. வெளிப்பகுதியில் தோல் மெலனோமாவின் கணக்கையே வைத்துக்கொள்கிறார்கள்: 1 மில்லிமீட்டர் வரை ஆழம் என்றால் 1 சென்டிமீட்டர் ஓரம், 2 மில்லிமீட்டர் தாண்டினால் 2 சென்டிமீட்டர். யோனிக்குள் அத்தனை இடம் எங்கே இருக்கிறது? முன்னால் சிறுநீர்த் தாரை, பின்னால் மலக்குடல். ஓரம் கிடைக்குமா கிடைக்காதா என்பதே சர்ஜனின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பெரிய மையத்துக்குப் போங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். முதல் அறுவையில் ஓரத்தில் நோய் மிஞ்சிவிட்டால் இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். மிகப் பெரிய அறுவையைச் சிபாரிசு செய்தால், "ஓரம் சுத்தமா கெடைக்க வேற வழியே இல்லையா டாக்டர்?" என்று கேளுங்கள். ஆம் என்றால், பரவல் எங்கும் இல்லை என்று ஸ்கேனில் உறுதியானபின் யோசிக்கலாம்.

தொடை இடுக்கு நெறிகளை (நிணநீர் முடிச்சுகள்) பற்றியும் இதே தகராறு. எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் கால் வீங்கும். சிலருக்கு ஆயுள் முழுக்க. சரிவில் நாள் முழுக்க நின்று கொட்டை பறிக்கும் பெண்ணுக்கு வீங்கிய கால் என்றால் கூலி போச்சு என்று அர்த்தம். இதற்கு மாற்று, கட்டியில் இருந்து நிணநீர் முதலில் போய்ச்சேரும் நெறியை மட்டும் நீலச்சாயமும் கதிரியக்க மருந்தும் போட்டு அடையாளம் கண்டு எடுத்துப் பார்ப்பது. வெளிப்பகுதி மெலனோமாவில் கையில் நெறி தட்டுப்படவில்லை என்றால் நான் இதன் பக்கம்தான். முதல் நெறியில் நோய் இருந்தாலும் மீதியை உடனே வழித்தெடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2017-இல் தோல் மெலனோமாவில் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. யோனி மெலனோமாவில் நெறிவழி சிக்கலானது. அங்கே இந்த முறை அவ்வளவு நம்பகமில்லை. நெறி ஏற்கெனவே கட்டிப்போயிருந்தால் வேறு பேச்சு இல்லை, எடுக்கத்தான் வேண்டும்.

கரண்ட் வைப்பது பற்றிச் சுருக்கமாக: அதே இடத்தில் திரும்ப வருவதைக் குறைக்கும், ஆயுளை நீட்டுவதாக நிரூபணம் இல்லை. ஓரம் போதவில்லை என்றாலோ யோனிக்குள் என்றாலோ சொல்வார்கள். வாரம் ஐந்து நாள், பல வாரம். ஏற்காட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறி தினமும் வரமுடியாது. அடிவாரத்திலோ டவுனிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு சேலத்திலேயே முடிப்பது புத்திசாலித்தனம். திட்டத்தைப் பெரிய மையத்தில் போட்டு வாங்கிவரலாம்.

அறுவைக்குப் பிறகு மருந்தா, காத்திருப்பா?

எடுத்தபின் சும்மா விடலாமா என்ற கேள்விக்குச் சீனாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று ஓரளவு பதில் சொல்கிறது. சளிச்சவ்வு மெலனோமாவை, அதாவது வாய், மூக்கு, யோனி மாதிரி உள்பக்க ஈரச் சவ்வில் வருவதை, அறுவையில் எடுத்த 189 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். மருந்தில்லாமல் விட்டவர்களுக்கு நோய் திரும்ப எடுத்துக்கொண்ட நடுக்காலம் 5.4 மாதம், இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களுக்கு 9.4, டெமோசோலமைடும் சிஸ்பிளாட்டினும் வாங்கியவர்களுக்கு 20.8. பழைய கீமோ என்று ஒதுக்கத் தேவையில்லை. டெமோசோலமைடு மாத்திரை இந்தியக் கம்பெனிகள் தயாரிப்பில் கிடைக்கிறது, சேலத்திலேயே கொடுக்கலாம். மேல்நாட்டில் இப்போது நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும்) ஊசிகளையே முதலில் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தோல் மெலனோமாக்காரர்கள்.

நோய் பரவிவிட்ட நிலையில் ஒப்பிடுவதற்குத் தெளிவான எண்கள் உண்டு. 2017-இல் வந்த தொகுப்பில் நிவோலுமாப் மட்டும் வாங்கிய சளிச்சவ்வு மெலனோமாக்காரர்களில் கட்டி சுருங்கியது 23 சதவீதம் பேருக்கு; இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி ஊசியையும் சேர்த்தபோது 37. தோல் மெலனோமாவில் அதே எண்கள் 41, 60. சேர்த்துக் கொடுத்தபோது கடும் பக்கவிளைவு 40 சதவீதம் பேருக்கு. தனியாகக் கொடுத்தபோது 8. செலவு லட்சக்கணக்கில் போகும். இன்னொன்றும் பார்க்கவேண்டும்: இந்த ஊசியில் வரும் பேதி சாதாரணப் பேதி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவது. ஓமத்தண்ணியும் மாதுளைத் தோலும் கொடுத்து ராத்திரியை ஓட்டினால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். ஸ்டீராய்டு வேண்டும், உடனே வேண்டும். ஏற்காட்டு மலைமேல் நாகலூர் பக்கம் வீடு என்றால் இந்த மருந்து நடக்கும் மாதங்களில் மலை இறங்கி இருப்பதே பாதுகாப்பு. தனியார் வண்டிக்கு வசதி இல்லாத குடும்பத்துக்கு நான் இரட்டை மருந்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஒற்றை மருந்தே போதும் என்று டாக்டர் சொன்னால் மல்லுக்கட்டாதீர்கள்.

டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுக்கு 20 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவு நிவோலுமாபைக் கீமோவோடு கொடுத்துப் பலன் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து மெலனோமாவுக்கும் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. பணம் இல்லாத இடத்தில் டாக்டர்கள் யோசிக்கலாம். ஆனால் அந்த ஆய்வு இந்த நோயில் நடந்ததல்ல என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடவேண்டும்.

கிட் மரபணுவில் மாற்றம் இருந்தால் ஒரு மலிவான வழி திறக்கும். இமாடினிப் மாத்திரை, ரத்தப்புற்றுக்குக் கொடுப்பது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸுக்குக் காப்புரிமை மறுத்த அதே மருந்துதான். அதனால்தான் நம்மூரில் விலை கட்டுப்படியாகிறது. மாற்றம் உள்ளவர்களிலும் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கும், அதுவும் பல சமயம் சில மாதங்களுக்கு. பிராஃப் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் ஜோடி. சோதனைக்குச் சில ஆயிரம் செலவானாலும் செய்துவிடுவது நல்லது. வெளிப்பகுதி மெலனோமாவில் கிட் மாற்றம் கிடைக்கும் வாய்ப்பு மற்ற மெலனோமாக்களைவிடக் கூடுதல்.

எண்களை மறைக்கவும் கூடாது. வெளிப்பகுதியில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். யோனிக்குள் வந்தவர்களில் பல தொகுப்புகளில் கால்வாசிக்கும் கீழ். ஆழம் குறைவாக, புண்ணாகாமல், நெறி பிடிக்காமல் கண்டுபிடித்தவர்கள் கணக்கே வேறு. பரவிய நிலையில் உடம்பு தளர்ந்த அம்மாவுக்கு மருந்து வேண்டாம், வலி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பதும் சிகிச்சைதான். அந்த முடிவைச் சொல்லவேண்டியவர் அந்த அம்மா. மகனோ சம்பந்தியோ அல்ல. வலிக்கு மார்ஃபின் கொடுக்க உரிமம் உள்ள ஆஸ்பத்திரி சேலத்தில் எது என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சிகிச்சை முடிந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். இதற்குச் சேலம் போதும். கையில் ஸ்லைடு, ரிப்போர்ட், அறுவைக் குறிப்பு மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். குளிக்கும்போது இரண்டு தொடை இடுக்கையும் விரலால் தடவிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு நெறி தட்டுப்பட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.